பல்லியிடம் உத்தரவு கேட்ட சுற்றுலா

"ஆவணி கடைசி வெள்ளி. மாலை. பல்லி இடப்பக்கம். விருந்தினர் நால்வரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். மழை இல்லை."

என் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. குறிப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் நான் நடத்தும் அச்சகத்தில் மீந்துபோகிற காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்குத் தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருபவை. கிழமை தப்பாக விழுந்த ஒரு பத்திரிகையால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் முன்னதாகவே வந்து மண்டபத்து வாசலில் நின்ற கதை எங்கள் தெருவில் உண்டு. அது என் அச்சகம் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் எதையும் தேதி போடாமல் விடுவதில்லை.

பல்லி ஏன் இடப்பக்கம் என்பதையும், சாப்பிட்டு முடித்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்பதையும் இனி சொல்கிறேன்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவார்கள், நிற்க மாட்டார்கள். டயர் பஞ்சரானால் நிற்பார்கள். ஊர்க்காரர்கள் அவரைக்காயும் தக்காளியும் மல்லிகையும் போடுகிறார்கள். பெண்களில் பாதிப் பேர் எரியோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு நூல்மில்லுக்கு வேனில் போய் வருகிறார்கள். தங்கையும் அப்படிப் போனவள்தான். விடிவதற்கு வெகு முன்பே வேன் வந்து நின்று ஆரன் அடிக்கும். அந்த ஆரனை அவள் வெறுத்த அளவுக்கு வேறு எதையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போதுகூட, தெருவில் ஏதாவது லாரி சத்தம் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து கொண்டை போட ஆரம்பித்துவிடுவாள். பஞ்சுத் தூசி இருமல் வேறு. மில்லுக்குப் போகாமல் வீட்டோடு ஒரு பிழைப்பு வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. அதில் ஆடம்பரம் ஒன்றும் கிடையாது.

அந்தச் சமயத்தில், பங்குனியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் என் அச்சகத்துக்குத் துண்டுப் பிரசுரம் அடிக்க வந்தார். சென்னையில் படித்த இளம்பெண். பிரசுரத்தின் தலைப்பு, "உள்ளூர்ப் பண்பாட்டில் வேரூன்றிய நீடித்த மலைச் சுற்றுலா". இம்புட்டு நீளத் தலைப்பு ஒரு வரியில் அடங்காது என்றேன். அடங்காவிட்டாலும் ஒரு சொல்லையும் எடுக்கக் கூடாது என்றார். நீடித்த என்றால் என்ன என்று கேட்டேன். மின்சாரம் போயிருந்தது, இருவருக்கும் வேறு வேலை இல்லை. அவர் நிதானமாக விளக்கினார். வண்டியில் மேலே போகிறவர்கள் பாட்டிலை எறிந்துவிட்டுக் கீழே வருகிறார்கள், மலைக்கு மிஞ்சுவது பாட்டில் மட்டும்தான். அதற்குப் பதிலாகச் சிலர் மட்டும் அடிவாரத்து வீடுகளில் தங்கி, அந்த வீட்டார் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்களோடு மலைக்கு நடந்து போய் வந்தால் மலையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். ஊர்க்காரர்களின் பழக்கவழக்கத்தை மாற்றக் கூடாது, வருகிறவர்கள்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும். நான் இந்த விஷயம் பற்றி ஓரளவு படித்திருந்தேன். அவர் சொன்னது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தங்கையின் ஊரைச் சொன்னது நான்தான்.

ஊர்க் கூட்டம் சித்திரையில், கருப்பசாமி கோயிலில் நடந்தது. கோயில் என்றால் ஓடு வேய்ந்த ஒரு சிறு மண்டபம், இரண்டு தூண், நடுவில் அரிவாளோடு கருப்பு. மலையைக் காக்கிற சாமி என்பதால் மலையைப் பார்த்தபடி நிற்கிறது. ஒருங்கிணைப்பாளர் பாயில் உட்கார்ந்து, உங்கள் ஊரின் சிறப்பு என்ன என்று கேட்டார். என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், பொறுப்போடு சொன்னார்.

"எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல மேடம். மலை இருக்கு. அதும் மேல இருக்கு."

"பழக்கவழக்கம்னு ஏதாவது?"

"காலைல டீ குடிப்போம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அது பூசாரிக்குப் பொறுக்கவில்லை. பூசாரி என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துவிட வேண்டாம். மாப்பிள்ளையின் பங்காளி, நாற்பதைத் தாண்டாதவர், லோடு ஆட்டோ வைத்து விடியற்காலையில் நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை ஏற்றிப் போகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. ஊருக்கு ஒரு சிறப்பும் இல்லை என்று வெளியூர்ப் பெண்ணிடம் ஒப்புக்கொள்வது அவருக்குக் கோயிலையே அடகு வைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அப்படிச் சொல்லிற முடியாது மேடம். வெளியாளு எங்க ஊருக்குள்ள ராத்தங்கணும்னா கருப்புகிட்ட உத்தரவு கேக்கணும். பல்லி சொல்லணும்."

உத்தரவு கேட்கிற வழக்கம் அங்கே உண்மையிலேயே உண்டு. கல்யாணம் பேசும்போதும், கிணறு வெட்டும்போதும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பும் சாமிக்கு எதிரே நின்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள். சூடம் அணைந்த பிறகு கேட்கும் முதல் பல்லிச் சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் சம்மதம், இடப்பக்கம் என்றால் மறுப்பு. பழைய பாட்டுகளில் பிரிந்து போனவர் எப்போது வருவார் என்று பல்லியிடம் கேட்டதாகப் படித்திருக்கிறேன், ஆகவே எனக்கு அதில் ஏளனம் எதுவும் இல்லை. ஆனால் ராத்தங்கும் வெளியாளுக்காக உத்தரவு கேட்டு நான் பார்த்ததே இல்லை. முந்தின வருஷம் ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரிக்காரர்கள் நாள்கணக்கில் கோயில் வாசலிலேயே படுத்துக் கிடந்தார்கள். பிறகு தனியாக அகப்பட்டபோது பூசாரியிடம் இதைக் கேட்டேன்.

"அவங்க போர் போட வந்தவங்க மச்சான். போருக்கு உத்தரவு கேட்டாச்சுல்ல? அப்புறம் ஆளுக்கு எதுக்குத் தனியாக் கேக்கணும்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் ஒருங்கிணைப்பாளர் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார். திட்ட விதிகளில் அது முதல் விதியாகவே வந்தது: விருந்தினர் ஊர்த் தெய்வத்தின் உத்தரவு பெற்ற பிறகே இரவு தங்கலாம். முன்கூட்டியே கேட்டுவைக்க முடியுமா என்று விசாரித்தார். ஆளைப் பார்க்காமல் சாமி எப்படிச் சொல்லும் என்றார் பூசாரி. ஆகவே விருந்தினர் பெட்டி படுக்கையோடு வந்து நேரில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தங்கலாமா என்பது தெரியும் என்று முடிவாயிற்று. பிரசுரத்தில் இதையும் சேர்த்தேன். எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

வீடு கொடுக்க முன்வந்தவள் தங்கை மட்டும்தான். மில்லில் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். மேலாளர் நல்ல மனிதர், தீபாவளி வரைக்கும் உன் இடத்தை வைத்திருப்பேன் என்று சொல்லி அனுப்பினார். தொண்டு நிறுவனமும் அதே நாளைத்தான் குறித்திருந்தது. தீபாவளிக்குள் ஒரு விருந்தினராவது அந்த வீட்டில் ஓர் இரவு தங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டம் மலைமேல் இருக்கும் வேறோர் ஊருக்குப் போய்விடும். ஆக, தீபாவளிக்கு முன் ஒரு பல்லி வலப்பக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேன் ஆரன். தங்கையின் நிலைமை இதுதான்.

அவள் தோட்டத்துப் பக்கம் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, சாணி மெழுகி, புதிதாகக் கழிப்பறையும் கட்ட வைத்தாள். அந்த அறைக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்கதவைத் திறந்தால் தெரு, பின்கதவைத் திறந்தால் மலை. இந்தக் கதவுகளை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. வருகிறவர்களுக்கு அந்த வீட்டார் சாப்பிடுவதையே போட வேண்டும் என்பது விதி. அந்த வீட்டார் சாப்பிடுவது ரேஷன் அரிசிச் சோறு, தொட்டுக்கொள்ள அவரைக்காய் வெஞ்சனம், ஞாயிற்றுக்கிழமை கடைப் புரோட்டா. ஒருங்கிணைப்பாளர் தயங்கினார், சிறுதானியம் ஏதாவது என்று இழுத்தார். ஊரில் யாரும் குதிரைவாலி விளைவிக்கவில்லை. கடைசியில் நான்தான் நாகல் நகர் சூப்பர் மார்க்கெட்டில் குதிரைவாலி வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, துணிப்பையில் மாற்றி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது எப்படி வேகும் என்று தங்கைக்குத் தெரியவில்லை. உறையில் சமையல் குறிப்பு இருந்தது. அதற்காக உறையைத் தேடிக் குப்பைத் தொட்டியைக் கிளறினேன்.

ஆடியில் தொண்டு நிறுவனம் கோயிலுக்கு ஒரு சூரிய விளக்கு கொடுத்தது. மாலையில் விருந்தினர் வந்து நிற்கும்போது இருட்டாக இருக்கக் கூடாது என்பது எண்ணம். வலப்பக்கம் பெரிய வேப்பமரம், அங்கே வெயில் விழாது. ஆகவே தகடும் விளக்கும் இடப்பக்கத் தூணில் ஏறின. விளக்கோடும் கருப்போடும் ஒருங்கிணைப்பாளர் நிற்கும் படம் ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் விருந்தினர் ஆவணி கடைசி வெள்ளியில் சென்னையிலிருந்து வந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பெண்கள். விதியை நன்றாகப் படித்துவிட்டு, தேங்காயோடே வந்திருந்தார்கள். ராத்தங்கத்தான் உத்தரவு வேண்டும், சாப்பிடுவதற்கு உத்தரவு தேவையில்லை என்பதால் தங்கை முதலில் சாப்பாடு போட்டாள். குதிரைவாலியை மிச்சம் வைத்தார்கள், வெஞ்சனத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். சூடம் அணைந்தது. உடனே பல்லி சொன்னது. இடப்பக்கம்.

அந்தக் கணவர், மறுபடி கேட்க முடியாதா என்றார். பூசாரி வருத்தத்தோடு தலையாட்டினார். அவர்கள் திண்டுக்கல்லுக்குத் திரும்பி ஏதோ லாட்ஜில் தங்கியதாக மறுநாள் தகவல் வந்தது. பிரியாணி நன்றாக இருந்ததாம்.

புரட்டாசியில் மதுரையிலிருந்து கல்லூரித் தோழிகள் சிலர் வந்தார்கள். இடம். படம் எடுக்கிற ஒருவர் தனியாக வந்தார், அவருக்கும் இடம். அடுத்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பல்லி சூடம் அணைவதற்கு முன்பே இடப்பக்கத்திலிருந்து சொல்லிவிட்டது. அவசரப்பட்ட சொல் செல்லாது என்று பூசாரி அறிவித்து எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தார். சூடம் அணைந்ததும் அது மறுபடி இடப்பக்கமே சொன்னது.

ஊரில் பேச்சு மாறியது. கருப்புக்கு இந்தத் திட்டமே பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். மாப்பிள்ளை சட்ட வழியில் யோசித்துப் பார்த்தார். நமக்கு எதிரே நிற்கிற சாமிக்கு நம் இடப்பக்கம்தானே வலப்பக்கம், அப்படியானால் இதுவரை வந்த எல்லோருக்கும் சம்மதம்தானே என்று பூசாரியிடம் கேட்டார்.

"அப்படிப் பாத்தா ஒங்க கல்யாணத்துக்குச் சாமி வேணாம்னு சொன்னதாயிரும்ணே. பரவால்லயா?"

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். அந்த வாதம் அத்தோடு நின்றது.

இதில் மகிழ்ச்சியாக இருந்தவர் ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான். அவர் நல்லவர், தங்கைக்காக வருத்தப்பட்டார். ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கை பெரிய பாராட்டைப் பெற்றுவிட்டது. வருகையாளர் எண்ணிக்கையை ஊர்ச் சமூகமே தன் மரபு வழியில் கட்டுப்படுத்துவதற்கு இப்படியோர் உதாரணம் வேறெங்கும் இல்லை என்று பதில் வந்ததாம். அது உண்மைதான். பாட்டில் இல்லை, குப்பை இல்லை, வண்டிப் புகை இல்லை, மலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆளே இல்லாத சுற்றுலா மாதிரி நீடித்த சுற்றுலா வேறு கிடையாது.

தங்கை ஒவ்வொரு முறையும் பாயைச் சுருட்டி வைத்தாள். மில்லுக்குப் போட்டுப்போகும் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன்.

நான் என் காலண்டர் தாள்களை எடுத்து வரிசைப்படுத்தினேன். வைகாசித் திருவிழாவுக்குக் கேட்டபோது வலம். ஆனியில் ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கு வலம். ஆடிக்குப் பிறகு எல்லாமே இடம். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. ஒரு மாலை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முந்தின நாள் தூறல் விழுந்திருந்தது. இடப்பக்கத் தூணில் விளக்கு எரிந்தது, அதைச் சுற்றி ஈசல். ஈசலைச் சுற்றிப் பல்லிகள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. வலப்பக்கச் சுவர் காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோறு போடற பக்கம் நின்னுதான் பேசுது மச்சான். நம்மாளுக மாதிரியே."

விளக்கை வலப்பக்கம் மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சாமியை ஏமாற்றுவதா என்றார் பூசாரி. இடப்பக்கம் வைத்ததும் ஏமாற்றுதானே என்றார் மாப்பிள்ளை. அது தெரியாமல் செய்தது, இது தெரிந்து செய்வது என்றார் பூசாரி. உத்தரவு கேட்கிற நாளில் மட்டும் விளக்கை அணைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பல்லிகளுக்கு இடம் பழகிவிட்டது, விளக்கு எரியாவிட்டாலும் பந்திக்கு வந்து காத்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். விளக்கையே எடுத்துவிடலாம் என்றால் அது நிறுவனத்தின் படத்தில் இருக்கிறது, எடுக்க முடியாது. இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் இரண்டு பக்கமும் சொல்லும், எது முதலில் சொன்னது என்று அடிதடி நடக்கும்.

கடைசியில் பூசாரியே தீர்ப்புச் சொன்னார். விளக்கு எந்தப் பக்கமும் சாயக் கூடாது. சாமிக்கு நேர் மேலே, கூரையின் நடுவில் தொங்க வேண்டும். அப்போது பல்லி யார் பக்கமும் சேராமல் நியாயமாகச் சொல்லும். எல்லோருக்கும் இது சரியாகப் பட்டது. எனக்கும் சரியாகத்தான் பட்டது என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன். விளக்கு நடுவில் தொங்கினால் பல்லிகள் எங்கே போகும் என்று அம்புட்டுப் பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு முந்தின வாரத்து வெள்ளி. இனி வேறு விருந்தினர் வர நாள் இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். கணவர் காய்கறி மண்டி வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டவர். மண்டியைத் திறக்காமல் ஒருநாளும் இருந்ததில்லையாம், முதன்முதலாக வெளியூர் வந்திருக்கிறார். ஒரே மாவட்டத்திலிருந்து வருகிறவரைச் சுற்றுலாப் பயணி என்று கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருங்கிணைப்பாளர் போனில் யாரிடமோ கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த மனிதர் வந்ததும் வராததுமாகத் தோட்டத்துக்குள் போய் அவரையைப் பறித்து ஒடித்துப் பார்த்து, பிஞ்சிலேயே எடுத்தால் நல்ல விலை போகும் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னார். தங்கை குதிரைவாலியை எடுக்கவே இல்லை. ரேஷன் அரிசிச் சோறும் வெஞ்சனமும் போட்டாள், கடைசியில் சிறுமலை வாழைப்பழம். அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. இதுவும் போனால், தீபாவளி முடிந்ததும் வேன்.

மாலையில் தூறிக்கொண்டிருந்தது. கோயிலில் தம்பதி சாமிக்கு நேரே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், நடு விளக்குக்கு நேர் கீழே, தங்கை. அவளுக்குப் பக்கத்தில் நான். பூசாரி தேங்காய் உடைத்தார், சூடம் ஏற்றினார், சூடம் அணைந்தது.

சத்தமே இல்லை.

பல்லிகள் இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். விளக்கைச் சுற்றி அடர்த்தியாக இருந்தன. தின்றுகொண்டிருந்தன. செத்த நேரம் நின்றோம். பிறகு நிறைய நேரம் நின்றோம். கொசு கடித்தது. மண்டிக்காரர் மரியாதை குறையாமல் பூசாரியிடம் கேட்டார்.

"ஏனுங்க, நாங்க வந்து நிக்கறது அதுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். யோசிக்குது."

"யோசிக்கட்டுமுங்க. நம்ம மண்டியிலயும் ஏலம் விட்டா அப்படித்தான். அவசரப்பட்டா விலை கெட்டுப்போயிருமுங்க."

அவர் மனைவிக்குக் கால் வலித்தது, தூணில் சாய்ந்துகொண்டார். ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்த்தது மரியாதைக் குறைவோ என்று கையை மறைப்பதுமாக இருந்தார். தூறல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. தங்கை என் பக்கத்தில் அசையாமல் நின்றாள். அப்போதுதான் அது கேட்டது. ச்சு, ச்சு, ச்சு என்று தெளிவாக, வலமும் இல்லாமல் இடமும் இல்லாமல்.

பூசாரி கூரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"எங்கிட்டுச் சொல்லுச்சு?"

"நடுவுல" என்றார் மாப்பிள்ளை.

"நடுவுல" என்றார் மண்டிக்காரரும்.

நடுவில் சொன்னால் என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை நடுவில் எந்தப் பல்லியும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இருந்ததில்லை. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். நிலக்கோட்டை ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வரும்போது ஒதுங்க இடம் தேடுகிற முகம் அது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வலம்னா வீட்டுக்குள்ள தங்கலாம். இடம்னா வெளிய போயிரணும். நடுன்னா..." கண்ணைத் திறந்தார். "நடுன்னா வாசப்படி."

வாசப்படியில் உட்காரவே கூடாது, படுப்பதாவது என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் ஆட்சேபித்தார். அது நியாயமான ஆட்சேபம்தான். வீட்டு வாசப்படி லட்சுமிக்கு உரியது என்பது பூசாரிக்கும் தெரியும்.

"படில படுக்கச் சொல்லல பெரியப்பா. படிக்கு மேல. கட்டில்ல. கட்டில்காலு ரெண்டு உள்ள, ரெண்டு வெளிய. படியத் தொடாது."

கிழவர் யோசித்துவிட்டு, தொடாவிட்டால் சரி என்றார்.

அந்த அறைக்கு இரண்டு கதவு என்று முன்பே எழுதினேன். ஆளுக்கு ஒரு வாசப்படி. முன்வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், பின்வாசலில் ஒன்று. இரண்டிலும் தலை வீட்டுக்குள், கால் வெளியே. மண்டிக்காரருக்குத் தெருப்பக்கம், அவர் மனைவிக்கு மலைப்பக்கம். கால்மாட்டில் தூறல் விழாமல் மாப்பிள்ளை இரண்டு பக்கமும் உரச்சாக்கு விரிப்பைக் கட்டினார். ஒருங்கிணைப்பாளர், இது தங்கியதாகக் கணக்காகுமா என்று பூசாரியிடம் கேட்டார். பாதி பாதியாக இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள், ஆக மொத்தம் ஓர் ஆள் முழுசாகத் தங்கியிருக்கிறார் என்றார் பூசாரி. ஒரு விருந்தினராவது என்றுதானே விதியில் இருந்தது.

அன்று நான் கடைசி பஸ்ஸில் திண்டுக்கல் போய்விட்டேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, கால் பக்கம் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தூக்கம் வந்ததா என்று தங்கை கேட்டாள்.

"எங்கீங்க தூக்கம்? அவரு அந்த வாசல்ல, நான் இந்த வாசல்ல. பேசிட்டே இருந்தமுங்க. கலியாணம் கட்டி இத்தன வருசத்துல இவருகிட்ட இவ்வளவு பேசுனதில்லீங்க. நடுவுல ஒரு ரூமே இருந்துச்சு பாருங்க, அதுதான்."

மண்டிக்காரருக்கு இன்னொரு அனுபவம். அவர் கட்டிலுக்கு அடியில் ஊர் நாய் ஒன்று வந்து படுத்ததாம். அதற்கும் உத்தரவு கேட்டீர்களா என்று போகும்போது பூசாரியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

தீபாவளி விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மில் வேன் வந்து நின்று ஆரன் அடித்தது. முந்தின நாள்தான் மண்டிக்காரர் சொல்லி அனுப்பிய அவர் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். தங்கை கையில் டீச் சட்டியோடு வாசலுக்கு வந்தாள். வரலியாக்கா என்று டிரைவர் கேட்டார்.

"ஆளு வந்துருக்காங்கப்பா. நீ போ."

வேன் போனதும் அவள் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். கொண்டை போட்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. அன்று நான் அங்கே இல்லை, இதெல்லாம் மாப்பிள்ளை சொன்னது.

இப்போது வருகிறவர்கள் எல்லோரும் வாசப்படிக் கட்டில்தான் கேட்கிறார்கள். உள்ளே மெத்தை இருக்கிறது என்றால் முகம் வாடிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் பல்லியிடம் கேட்பதில்லை. நடுவில் ஒருமுறை சொன்னால் அது எல்லோருக்கும் பொதுவான சொல், சாமி அதைத் திரும்ப வாங்கும்வரை செல்லும் என்று பூசாரி விளக்கம் கொடுத்துவிட்டார். சூரிய விளக்கு நடுவிலேயே தொங்குகிறது. ஊரே ஏற்றுக்கொண்ட ஒழுங்கு என்பதால் விருந்தினர் கூட்டமாக வருவதில்லை. இரண்டு வாசல், இரண்டு கட்டில், அதற்கு மேல் ஆள் எடுக்க முடியாது. ஒருங்கிணைப்பாளர் முதலில் என்னிடம் சொன்னது அத்தனையும் நடந்துவிட்டது. யாரும் நினைத்த வழியில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

தையில் புதுப் பிரசுரம் அடிக்கக் கொடுத்தார். "விருந்தினரை வாசற்படிக்கு மேல் உறங்க வைப்பது இவ்வூரின் தொன்றுதொட்ட மரபு" என்று இருந்தது. தொன்றுதொட்ட என்பதை அச்சுக்கோர்க்க என் கை வரவில்லை. மரபு தொடங்கிய கிழமையே என்னிடம் எழுதி இருக்கிறது என்றேன். நீங்கள் வேறு ஒரு சொல் கொடுங்கள் சார் என்றார் பொறுமையாக. "வழக்கப்படி" என்று போட்டோம். அதற்குள் அங்கே தங்கிப்போனவர்கள் சிலர் இருந்தார்கள், ஆகவே அது பொய்யில்லை.

ஒன்றுதான் பாக்கி. அன்று நடுவில் கேட்ட சத்தம். பல்லியின் தொண்டை அசைந்ததைப் பார்த்ததாக மாப்பிள்ளை சொல்கிறார். பூசாரி, பார்க்க வேண்டியதில்லை, கேட்டதே போதும் என்கிறார். மண்டிக்காரருக்கு ஒரு காது மந்தம் என்று பிறகு தெரிந்தது. நான் கேட்டது கூரையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். காத்திருந்து அலுத்துப்போன ஒருத்தி நாக்கை மேலண்ணத்தில் தட்டி உச்சுக் கொட்டினால் அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும். தங்கையிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, பல்லி இல்லாம வேற யாருண்ணே என்றாள். இரண்டாம் முறை விருந்தினருக்கு வெஞ்சனம் தாளிக்க உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின வாரத்து வெள்ளி, மாலை, தூறல், நடுவில் சத்தம் என்பது வரை என் தாளில் இருக்கிறது. சத்தம் பல்லியுடையதுதானா என்பது உறுதிசெய்யப்படவில்லை.